பதம் கண்ட பேரறிஞர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. திருப்பூரில் பின்னலாடை செய்வோர் நூலின் வலிமையையும் இவ்வாறே அறிகின்றனர். இழுத்துச் சோதிக்கும் நூல் அறுந்துபோகும். ஆதலின் மூட்டை முழுவதையும் சோதித்தல் இயலாது. எடுத்த சில, எஞ்சிய பலவற்றிற்குச் சான்றாகுமா? இவ்வினாவிற்கு விடை காணும் கலையை இந்தியாவில் நிலைநாட்டியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

இவர் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் கற்றுத் தாயகம் திரும்புகையில், கப்பலிற் படித்த புள்ளியியல் இதழ்கள் இவர் உள்ளத்தைக் கவர்ந்தன. இயற்பியற் பேராசிரியராக இருந்துகொண்டே அத்துறையை ஆராய்ந்தார். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

1926இல் ஒடிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை அழித்தது. ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது எனக் கருதிய பொறியாளர், கரைகளை உயர்த்த எண்ணினர். மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டார். படுகை உயரவில்லை என்றும், ஆற்றின் மேற்பகுதியிற் பெய்த பெருமழையே காரணம் என்றும் காட்டினார். ஓராண்டின் துயர் மறைத்த உண்மையைப் பல்லாண்டுகளின் போக்கு வெளிப்படுத்தியது.

பின்னர் வங்காளத்தின் சணல் விளைச்சலை மதிப்பிட முற்பட்டார். 1937இல் சிறு பரப்பில் வெள்ளோட்டம் பார்த்து, ஆண்டுதோறும் விரித்து, 1941இல் மாகாணம் முழுவதையும் ஆய்ந்தார். விருப்பு வெறுப்பு நுழையாவண்ணம், குலுக்கிச் சீட்டெடுப்பது போல் நிலங்களைத் தேர்ந்தார். ஒரு சோறு ஏமாற்றவும் கூடுமன்றோ? ஆகவே, ஒரே பகுதியில் இரு குழுவினரைத் தனித்தனியே மாதிரி எடுக்கச் செய்தார். இரு கணக்கும் நெருங்கி வரின் நம்பலாம்; விலகி நிற்பின், அவ்விலகலே பிழையின் அளவைக் காட்டும். நிலந்தோறும் எண்ணிய கணக்கிற்கு ஆன செலவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே இதற்கு ஆயிற்று. ஆயினும் வணிகத்திற் கண்ட உண்மை அளவிற்கு இவர்தம் மதிப்பீடே மிக அருகில் நின்றது.

1950இல் தேசிய மாதிரி அளவாய்வு இவர் முயற்சியால் தொடங்கிற்று. அமெரிக்க அறிஞர் வால்டர் ஷூவார்ட்டை வரவழைத்து, ஆலைகளிலும் மாதிரி கண்டு தரம் காக்கும் முறையைப் பரப்பினார். 1956இல் கோயம்புத்தூரில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் அம்முறையை நூலாலைகளுக்குப் பயிற்றியது.

1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் இவர் மறைந்தார். இவர் பிறந்த நாள் 2007 முதல் புள்ளியியல் நாளாகப் போற்றப்படுகிறது. ஒரு முறை கண்டதை உண்மையெனக் கொள்ளாது, மீண்டும் மீண்டும் ஆய்ந்து தெளிதலே அறிவுடைமை என்பதை இவர் வாழ்வு உணர்த்துகின்றது.