இயற்பியல், உயிரியல் ஆசிரியர் தேர்வில் தேறாதவர்... பாடப்புத்தகத்துக்குள் மெண்டல் வந்தது எப்படி?

பத்தாம் வகுப்பு அறிவியலில் எது மறந்தாலும் 3:1 மறந்திருக்காது. நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி, நான்கு கட்டம், நடுவில் சில ஆங்கில எழுத்துகள். கட்டத்தைச் சரியாகப் போட்டால் முழு மதிப்பெண். அந்தப் பாடத்தின் தலைப்பில் இருக்கும் பெயர் கிரிகர் மெண்டல்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பள்ளியில் இயற்பியலும் உயிரியலும் நடத்துவதற்கான ஆசிரியர் சான்றிதழ் தேர்வை மெண்டல் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் தேறவில்லை. கடைசி வரை அவர் சான்றிதழ் இல்லாத தற்காலிக ஆசிரியர்தான். அப்படிப்பட்டவர் எப்படி மரபியலின் தந்தை ஆனார்? பார்ப்போம்.

தங்கையின் சீதனப் பணத்தில் படிப்பு

மெண்டல் பிறந்தது 1822 ஜூலையில். ஊர் ஹைன்சென்டார்ஃப். அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த சிறு கிராமம், இன்று செக் குடியரசில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யோஹான். அப்பா ஆன்டன் ஒரு விவசாயி. சொந்த வயலைப் பார்த்துக்கொள்வதோடு, நிலப்பிரபுவுக்கும் வாரத்தில் சில நாள் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டிய காலம் அது.

1838-ல் அப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது மரம் விழுந்து ஆன்டனுக்குப் பலத்த காயம். வீட்டு வருமானம் படுத்துவிட்டது. வெளியூரில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த யோஹானுக்கு அப்போது வயது 16. ட்யூஷன் எடுத்து அந்தக் காசில் படிப்பைத் தொடர்ந்தார். அரைவயிறு சாப்பாடு, கவலை, அடிக்கடி காய்ச்சல். படிப்பு பலமுறை தடைப்பட்டது.

ஓல்மூட்ஸ் நகரில் மேற்படிப்புக்குப் பணம் இல்லாதபோது கைகொடுத்தவர் தங்கை தெரேசியா. தன் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தார். மெண்டல் இதை மறக்கவே இல்லை. பின்னாளில் தெரேசியாவின் மூன்று மகன்களின் படிப்புக்கும் துணை நின்றார். அவர்களில் இருவர் மருத்துவர் ஆனார்கள்.

ஓல்மூட்ஸ் படிப்பு முடிந்ததும் அடுத்து என்ன என்ற கேள்வி. அவருடைய இயற்பியல் பேராசிரியர் ஃபிரெடரிக் ஃபிரான்ஸ், புர்னோ நகரில் இருந்த புனித தாமஸ் துறவி மடத்துக்கு அவரைப் பரிந்துரைத்தார். 1843-ல் மடத்தில் சேர்ந்தார், கிரிகர் என்ற பெயர் அங்கே கிடைத்தது. பக்தியைப் போலவே சாப்பாட்டுக் கவலை இல்லாமல் படிக்கலாம் என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். மடமும் வெறும் ஜெப மடம் இல்லை. பெரிய நூலகம், தாவரத் தோட்டம், ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள துறவிகள், அவர்களை ஊக்குவித்த மடத் தலைவர் சிரில் நாப் என எல்லாமே அங்கே இருந்தது.

முதல் தேர்வு: 1850

பாதிரியாராக நோயாளிகளைப் பார்க்கப் போகும் வேலை மெண்டலுக்கு ஒத்துவரவில்லை. மற்றவர் வேதனையைப் பார்த்து அவரே படுத்துவிடுவார். இதைப் புரிந்துகொண்ட நாப், 1849-ல் ஸ்னைம் நகரப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். மெண்டல் நன்றாகப் பாடம் நடத்தினார். ஆனால் நிரந்தரமாக வேண்டும் என்றால் வியன்னா பல்கலைக்கழகத்தின் சான்றிதழ் தேர்வில் தேற வேண்டும்.

1850-ல் எழுதினார். பாடங்கள்: இயற்பியல், இயற்கை வரலாறு. இயற்கை வரலாறு என்றால் இன்றைய உயிரியலும் நிலவியலும் சேர்ந்தது. காற்றின் தன்மைகள் பற்றிய அவருடைய கட்டுரை இயற்பியல் தேர்வாளருக்குப் பிடித்திருந்தது. நிலவியல் கட்டுரை எடுபடவில்லை. பாலூட்டிகளை வகைப்படுத்தச் சொன்ன கேள்வியில் மொத்தமாக சறுக்கினார். துறைக்குரிய கலைச்சொற்கள் இல்லாமல், தனக்குத் தெரிந்த பேச்சுவழக்குப் பெயர்களை வைத்து சமாளித்திருந்தார்.

காரணம் ரொம்ப எளிது. அவர் இயற்கை வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் படித்ததே இல்லை. கிடைத்த புத்தகங்களை வைத்துத் தானாகப் படித்திருந்தார். முறையாகப் பாடம் கேட்காதவரை, முறையாகப் படித்தவர்களுக்கான கேள்வித்தாளில் உட்கார வைத்தால் வேறு என்ன நடக்கும்?

வியன்னாவில் இரண்டு வருடம்

இங்கேதான் ட்விஸ்ட். தேர்வாளர்களில் ஒருவரான பவும்கார்ட்னர், இவரிடம் திறமை இருக்கிறது, முறையான படிப்புதான் இல்லை என்று நினைத்தார். மெண்டலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லி நாப்பிடம் யோசனை சொன்னார். நாப் மடத்துச் செலவில் அனுப்பிவைத்தார். 1851 முதல் 1853 வரை மெண்டல் வியன்னாவில் மாணவர்.

அங்கே அவருக்கு இயற்பியல் நடத்தியவர் கிறிஸ்டியன் டாப்ளர். ஆம், டாப்ளர் விளைவின் அதே டாப்ளர்தான். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் கொஞ்சம் கம்மியாகவும் கேட்கிறதே, அதை விளக்கும் கோட்பாட்டை 1842-ல் சொன்னவர். இன்னொரு ஆசிரியர் எட்டிங்ஸ்ஹவுசன். பொருட்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்ற சேர்மானக் கணிதத்தில் புத்தகமே எழுதியவர். தாவர உடலியல் நடத்தியவர் ஃபிரான்ஸ் உங்கர்.

இந்த மூன்றும் ஒரே தலையில் சேர்ந்ததுதான் முக்கியம். இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்காதே. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, அளந்து எண்ணில் எழுது. அன்றைய தாவர ஆய்வாளர்கள் செடிகளைக் கலந்தார்கள், வந்ததை வர்ணித்தார்கள். யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. மெண்டல் எண்ணினார்.

இரண்டாவது தேர்வு: 1856

ஊர் திரும்பி 1854-ல் புர்னோ பள்ளியில் மீண்டும் தற்காலிக ஆசிரியர். பாடம் அதே இயற்பியலும் இயற்கை வரலாறும். 1856-ல் இரண்டாவது முறை தேர்வுக்குப் போனார். இந்த முறை உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை. தேர்வை முடிக்காமலேயே திரும்பினார். அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவில்லை. 1868 வரை சுமார் 14 வருடம், சான்றிதழ் இல்லாமலே அதே வேலையில் இருந்தார்.

அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிப் பரிசோதனையும் தொடங்கியது.

35 மீட்டருக்கு 7 மீட்டர்

அவ்வளவுதான் அவருடைய நிலம். ஏன் பட்டாணி? மூன்று காரணம். சீக்கிரம் வளரும். வேறுபாடுகள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். பூ மூடியே இருப்பதால் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும், வெளி மகரந்தம் கலந்து கணக்கைக் கெடுக்காது.

முதலில் 34 ரகங்களை வாங்கி இரண்டு வருடம் வளர்த்துப் பார்த்தார். நெட்டைக்கு நெட்டையே வருகிறதா, குட்டைக்குக் குட்டையே வருகிறதா? மாறாமல் வந்த ரகங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு விதை வடிவம், விதை நிறம், பூ நிறம், காய் வடிவம், காய் நிறம், பூவின் இடம், தண்டின் உயரம் என ஏழு பண்புகளைத் தேர்ந்தெடுத்தார்.

வேலை பொறுமையைச் சோதிப்பது. பூ மலரும் முன்பே மொட்டைப் பிரித்து, மகரந்தப்பைகளை இடுக்கியால் கிள்ளி எடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, பூச்சி வராமல் உறை போட்டு மூட வேண்டும். 1863 வரை சுமார் 28,000 செடிகள்.

எண்கள் என்ன சொன்னன?

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமல் போய்விட்டது.

அன்றைய பொது நம்பிக்கை, பெற்றோர் பண்புகள் காபி மாதிரி கலக்கின்றன என்பது. டிகாக்‌ஷனும் பாலும் கலந்தபின் பிரிக்க முடியாது இல்லையா? மெண்டல் அந்த முதல் தலைமுறையைத் தானாகவே சூல்கொள்ள விட்டார். அடுத்த தலைமுறையில் 7,324 விதைகள். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். காணாமல் போனது அப்படியே திரும்பி வந்திருந்தது, பாதிச் சுருக்கமாக அல்ல, முழுச் சுருக்கமாக. விகிதம் 2.96-க்கு 1.

விதை நிறத்தில் 6,022 மஞ்சள், 2,001 பச்சை. விகிதம் 3.01-க்கு 1. தண்டின் உயரத்தில் 787 நெட்டை, 277 குட்டை. விகிதம் 2.84-க்கு 1. எதை எடுத்தாலும் மூன்றுக்கு ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஏன் மூன்று? இரண்டு நாணயங்களை ஒன்றாகச் சுண்டிப் பாருங்கள். இரண்டும் தலை விழ கால்வாசி வாய்ப்பு, இரண்டும் பூ விழ கால்வாசி, ஒன்று தலை ஒன்று பூ விழ அரைவாசி. தலை ஒன்று இருந்தாலே உருண்டை என்று வைத்துக்கொண்டால், நான்கில் மூன்று உருண்டை. ஒவ்வொரு பண்புக்கும் அப்பா பக்கம் ஒரு காரணி, அம்மா பக்கம் ஒரு காரணி. இரண்டும் கலப்பதில்லை. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது தனித்தனியாகப் பிரிந்து போகின்றன. இதுதான் தனித்துப் பிரிதல் விதி.

மெண்டல் இதோடு நிற்கவில்லை. இந்தக் கணக்கு சரி என்றால், உருண்டை விதைகளில் மூன்றில் ஒன்று தூய ரகமாகவும், மூன்றில் இரண்டு சுருக்கத்தை ஒளித்து வைத்திருக்கும் கலப்பு ரகமாகவும் இருக்க வேண்டும். 565 செடிகளை வளர்த்துப் பார்த்தார். 193 தூயவை, 372 கலப்பு. கணக்கு ஒத்துப்போனது. முன்கூட்டியே ஒரு முடிவைக் கணித்து, பிறகு சோதிப்பது என்ற இயற்பியல் பாணி இங்கே நன்றாகவே தெரிகிறது.

யாரும் கவனிக்கவில்லை

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரு நாட்களில் புர்னோ இயற்கை அறிவியல் சங்கத்தில் மெண்டல் உரையாற்றினார். 1866-ல் கட்டுரை அச்சில் வந்தது. 40 தனிப்பிரதிகள் வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். பெரிதாகப் பதில் இல்லை.

அக்கறையோடு பதில் எழுதியவர் மியூனிக் தாவரவியல் பேராசிரியர் நேகெலி. ஆனால் அவரும் நம்பவில்லை. தான் ஆராய்ந்துவந்த ஹைராசியம் என்ற செடியில் முயன்று பார்க்கச் சொன்னார். மெண்டலின் கெட்ட நேரம், அந்தச் செடி பெரும்பாலும் சூல்கொள்ளாமலே விதை உண்டாக்கும். அன்று அது யாருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் கண் நோக வேலை செய்தும் 3:1 வரவில்லை.

1868-ல் நாப்புக்குப் பிறகு மெண்டல் மடத் தலைவர் ஆனார். ஆராய்ச்சிக்கு நேரம் சுருங்கியது. தேனீ வளர்ப்பும் வானிலைக் குறிப்புகளும் மட்டும் தொடர்ந்தன. 1874-ல் மடங்கள் மீது வந்த வரியைக் கட்ட மறுத்து, அரசாங்கத்தோடு கடைசி வரை மல்லுக்கு நின்றார். 1884 ஜனவரி 6 அன்று சிறுநீரக நோயால் இறந்தார். ஊர் ஒரு நல்ல மடத் தலைவரை இழந்ததாக வருந்தியது. ஒரு விஞ்ஞானி போனது யாருக்கும் தெரியவில்லை.

1900-ல் ஹியூகோ டி விரிஸ், கார்ல் காரன்ஸ், எரிக் ஷெர்மாக் ஆகிய மூவர் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் வெளியிட்ட கட்டுரைகளால் அந்த 1866 கட்டுரை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 1936-ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், மெண்டலின் எண்கள் நம்ப முடியாத அளவுக்குக் கச்சிதமாக இருக்கின்றன என்று கேள்வி எழுப்பினார். அந்த விவாதம் நீண்ட காலம் ஓடியது. ஆனால் விதிகள் அசையவில்லை. மற்றவர்கள் செய்து பார்த்தபோதும் அதே விகிதம்தான் வந்தது.

1990-ல் சுருங்கிய விதைக்கான மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. அதில் மாவுச்சத்து தயாரிக்க உதவும் நொதி ஒன்று பழுதாகியிருக்கிறது. அதனால் விதைக்குள் சர்க்கரை தேங்குகிறது, சவ்வூடு பரவலால் தண்ணீர் அதிகம் புகுகிறது, காயும்போது அந்தத் தண்ணீர் வெளியேறி விதை சுருங்குகிறது. உயிரியல் கேள்விக்கு விடையில் பாதி இயற்பியல்!

தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் தம்பி, தங்கைக்கோ பிள்ளைகளுக்கோ இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? அடிக்கடி குழம்பும் இடங்கள் இவைதான்.

• 3:1 என்பது வெளியே தெரியும் தோற்றத்தின் விகிதம். உள்ளே இருக்கும் மரபணு அமைப்பின் விகிதம் 1:2:1. கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

• ஓங்கு பண்பு என்றால் உலகில் அதிகமாக இருக்கும் பண்பு என்று அர்த்தமில்லை. இரண்டு காரணிகளும் சேர்ந்திருக்கும்போது வெளியே தெரிவது, அவ்வளவுதான்.

• நான்கு விதை எடுத்தால் கண்டிப்பாக மூன்று உருண்டை வரும் என்று எழுதாதீர்கள். அது வாய்ப்பு மட்டுமே. எண்ணிக்கை கூடக்கூடத்தான் 3:1-ஐ நெருங்கும்.

• இருபண்புக் கலப்பில் 9:3:3:1. மெண்டலுக்குக் கிடைத்த 556 விதைகளில் 315 உருண்டை மஞ்சள், 101 சுருக்க மஞ்சள், 108 உருண்டை பச்சை, 32 சுருக்க பச்சை.

• மெண்டல் சொன்னது காரணி. ஜீன் என்ற சொல் 1909-ல்தான் வந்தது. நாம் போடும் கட்டமும் அவருடையது இல்லை. அது பின்னால் வந்த ரெஜினால்ட் புன்னெட்டின் பெயரில் இருக்கிறது.