ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன்

ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் (அக்டோபர் 2, 1867 - டிசம்பர் 10, 1957) தென்னாப்பிரிக்காவின் சபி வனவிலங்குக் காப்பகத்தின் முதல் காப்பாளர் ஆவார். இக்காப்பகமே பின்னர் குரூகர் தேசியப் பூங்காவாக விரிவடைந்தது. இடையில் முதல் உலகப்போர்க் காலம் நீங்கலாக, 1902 முதல் 1946 வரை இவர் அப்பொறுப்பை வகித்தார்.

இளமை

ஸ்காட்லாந்தில் நிலவுடைமை கொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்த இவர் டப்ளின் நகரில் பிறந்தார். சாண்ட்ஹர்ஸ்ட் படைத்துறைக் கல்லூரியில் பயின்று பிரித்தானியக் குதிரைப்படையில் அதிகாரியானார். இரண்டாம் போவர் போரில் பங்கேற்றார். போர் முடிந்த 1902 ஆம் ஆண்டில், ஏறத்தாழ வெறுமையாகிக் கிடந்த சபி காப்பகம் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சபி காப்பகம்

டிரான்ஸ்வால் குடியரசு இக்காப்பகத்தை 1898 இலேயே அறிவித்திருந்தது. எனினும் அறிவிப்பு பெரும்பாலும் தாளளவில் நின்றது. பல்லாண்டு வேட்டையும், 1896 இல் பரவிய வெக்கை நோய் எனும் கால்நடைக் கொள்ளை நோயும் அங்கிருந்த விலங்குகளை அழித்திருந்தன. போரின்போது முகாமிட்ட படையினரும் இறைச்சிக்காக எஞ்சியவற்றைச் சுட்டனர்.

ஸ்டீவன்சன்-ஹாமில்டன் சில காவலர்களைக் கொண்டு வேட்டையைத் தடுக்கலானார். சட்டத்தை மீறி வேட்டையாடிய காவல்துறை அதிகாரிகள் மீதே வழக்குத் தொடுத்துத் தண்டனை பெற்றுத் தந்தார். 1903 இல் காப்பகம் ஒலிஃபண்ட்ஸ் ஆறு வரை விரிவாக்கப்பட்டது. வடக்கே இருந்த ஷிங்வெட்சி காப்பகமும் இவர் பொறுப்பில் வந்தது. முதலில் யானைகளே இல்லாதிருந்த பகுதியில், 1905 அளவில் லெட்டாபா ஆற்றை அடுத்து ஒரு சிறு யானைக் கூட்டம் காணப்பட்டது.

இம்மீட்சிக்கு மனிதர்களும் விலை கொடுத்தனர். காப்பக எல்லைக்குள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்த ஆப்பிரிக்க மக்களை இவர் வெளியேற்றினார். அவர்களின் உழைப்பும் அவர்கள் செலுத்திய வாடகையும் காப்பகத்துக்குத் தேவை என்பதை உணர்ந்த பின்னரே இக்கொள்கை தளர்ந்தது. சோங்கா மொழி பேசும் மக்கள் இவருக்கு இட்ட பெயர் ஸ்குகூசா. துடைத்துப் பெருக்குபவர் என்றும், எல்லாவற்றையும் தலைகீழாக்குபவர் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். வேட்டைக்காரரை விரட்டியதைப் புகழும் பெயராக இதனைக் கொள்வோர் உண்டு. வெளியேற்றப்பட்டவர்களின் வாயில் அது அவ்வாறே ஒலித்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை.

ஊனுண்ணிகள் பற்றிய கொள்கை

தொடக்கத்தில் மறிமான்கள் பெருக வேண்டும் என்பதற்காகச் சிங்கம், சிறுத்தை, காட்டுநாய், முதலை முதலியன கொல்லப்பட்டன. 1920களின் இறுதிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இவ்வாறு இறந்தன. அக்காலத்தில் இதுவே முறையான பாதுகாப்பாகக் கருதப்பட்டது. ஆனால் பல்லாண்டு நேரடி அவதானிப்புக்குப் பின், இரையையும் இரைகொல்லியையும் இயற்கையே சமன்செய்யும் என்னும் முடிவுக்கு ஸ்டீவன்சன்-ஹாமில்டன் வந்தார். சிங்கங்களைக் குறைக்க வேண்டுமெனப் பிறர் வற்புறுத்தியபோது அதனை எதிர்த்தார். தாம் நடைமுறைப்படுத்திய கொள்கையைத் தாமே மறுத்தது இவர் வாழ்வின் குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

தேசியப் பூங்கா

மேய்ச்சல் நிலமும் சுரங்கமும் வேண்டியவர்கள் காப்பகத்தைக் குறைக்க முயன்றனர். அதனை நிலையாகக் காக்க நாடாளுமன்றச் சட்டம் தேவை என இவர் வாதாடினார். 1923 இல் தொடங்கிய தொடர்வண்டிச் சுற்றுலாவின் பயணிகள் காப்பகத்தைக் கண்டு மகிழ்ந்தது இம்முயற்சிக்குத் துணைபுரிந்தது. 1926 இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது.

பூங்காவுக்கு முன்னாள் குடியரசுத் தலைவர் பால் குரூகரின் பெயர் சூட்டப்பட்டது. குரூகருக்கு வனவிலங்குகளில் பெரிய அக்கறை இருந்ததாக ஸ்டீவன்சன்-ஹாமில்டன் நம்பவில்லை. ஆயினும் ஆப்பிரிக்கானர்களின் ஆதரவைப் பெற அப்பெயர் உதவும் என்பதால் ஏற்றுக்கொண்டார். 1927 இல் மூன்று மகிழுந்துகளே பூங்காவுக்கு வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை பன்மடங்காகியது.

பிற்காலம்

1930 இல் ஓவியரான ஹில்டாவை மணந்தார். 1937 இல் தம் காப்பக வாழ்வை விவரிக்கும் நூலை வெளியிட்டார். 1946 இல் ஓய்வுபெற்று, பூங்காவுக்கு அருகில் வைட் ரிவர் பகுதியில் வாழ்ந்து அங்கேயே காலமானார். இவர் தலைமையிடமாகக் கொண்ட சபி பிரிட்ஜ் 1936 இல் ஸ்குகூசா எனப் பெயர் மாற்றப்பட்டது. இன்று அதுவே பூங்காவின் தலைமை முகாமாகும்.