பரதநாட்டிய உடையை மாற்றியவர்: யார் இந்த ருக்மிணி தேவி அருண்டேல்?

பெங்களூருவில் மல்லேஸ்வரத்திலோ ஜெயநகரிலோ ஏதாவது ஒரு அரங்கேற்றத்துக்கு நீங்கள் போயிருக்கலாம். ஆடும் பெண் அரைமண்டியில் அமர்ந்ததும் முழங்கால்களுக்கு நடுவே பட்டு மடிப்பு விசிறி போல விரியும். பாடகரும் நட்டுவனாரும் மேடையின் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இதெல்லாம் ஆயிரம் வருஷமாக இப்படியேதான் இருக்கிறது என்று நினைத்தால், அப்படி இல்லை. நடனம் பழையது. ஆனால் நீங்கள் பார்த்த அந்த மேடைத் தோற்றத்துக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. அதை உருவாக்கியதில் பெரும் பங்கு ருக்மிணி தேவி அருண்டேலுக்கு உண்டு.

மதுரையில் இருந்து அடையாறு வரை

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். அவர் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர் என்பதால், பின்னர் குடும்பம் சென்னை அடையாறுக்குக் குடிபெயர்ந்தது.

1920-ல், 16 வயதில், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டார். அவர் 25 வயதுக்கும் மேல் மூத்தவர். அன்றைய மெட்ராஸ் இதை லேசில் விடவில்லை, எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

1928 வாக்கில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் அறிமுகம் கிடைத்தது. ருக்மிணி பாலே கற்கத் தொடங்கினார். சொந்த மண்ணின் கலையைத் தேடிப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான் என்று சொல்லப்படுகிறது.

1933-ல் மெட்ராஸ் மியூசிக் அகாடமியில் ஒரு சதிர் நிகழ்ச்சி பார்த்தார். பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ஆடக் கற்றுக்கொண்டார். 1935 டிசம்பரில், 31 வயதில், அடையாறில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடை ஏறினார். அடுத்த ஆண்டே தொடங்கிய கலைப்பள்ளிதான் பின்னாளில் கலாக்ஷேத்ரா ஆனது.

உடையில் அப்படி என்ன மாறியது?

அதுவரை சதிர் ஆடியவர்கள் பைஜாமா மேல் புடவையைச் சுற்றிக் கட்டி, ஜரிகை ரவிக்கையும் நிறைய நகையும் அணிந்து ஆடினார்கள். பாட்டும் தாளமும் பின்னால் நின்றபடி வரும்.

ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்தார். அந்த உடல்கோடு மேடையில் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். மேடம் கசான் என்ற இத்தாலியத் தையல் கலைஞரின் உதவியோடு தைத்த உடைகளை வடிவமைத்தார். விசிறி மடிப்பு, தனி மேலாக்கு, உடைக்குப் பொருந்தும் நகை என்று ஒவ்வொன்றும் யோசித்துச் செய்யப்பட்டது. கான்ராட் வோல்ட்ரிங் ஒளியமைப்பைப் பார்த்துக்கொண்டார்.

தைத்த உடையில் வசதியும் இருந்தது. ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டியதில்லை, ஆடும்போது அவிழுமோ என்ற பயமும் இல்லை.

அவர் மட்டும்தான் இதைச் செய்தார் என்று சொன்னால் அது மிகை. பெங்களூருவைச் சேர்ந்த ராம் கோபாலும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர்தான். கண்ணைப் பறிக்கும் உடை, நகைகளோடு வெளிநாட்டு மேடைகளில் அவர் புகழ் பெற்றார். ஆனால் ஒரு பள்ளி நடத்தி, பல தலைமுறை மாணவர்கள் வழியாக ஒரு தோற்றத்தை நிலைநிறுத்தியது ருக்மிணி தேவி.

தறி ஏன் வந்தது?

மேடைக்கு வேண்டிய துணி கடையில் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? அவர் தறியே போட்டுவிட்டார். 1937-ல் கலாக்ஷேத்ராவில் நெசவுப் பிரிவு தொடங்கியது. குடும்பங்களில் இருந்த பழைய புடவைகளைப் பார்த்து, மறைந்துகொண்டிருந்த வடிவங்களையும் நிறச் சேர்க்கைகளையும் திரும்ப நெய்ய வைத்தார்.

உடலுக்கு ஒரு நிறம், அகலமான கரைக்கு முற்றிலும் வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்க்கும் இந்தக் கோர்வை முறைக்கு, வழக்கமாக ஒரே தறியில் இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும். இன்றைக்கும் கடையில் கலாக்ஷேத்ரா புடவை என்று கேட்டால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

1944-ல் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகம் மேடை ஏறியது. 1955 முதல் 1970 வரை ராமாயணம் ஆறு பகுதிகளாக வந்தது. அதன் இசைக்கு அடித்தளம் போட்டவர் கர்நாடகத்தின் மைசூர் வாசுதேவாச்சாரியார். குறத்தியில் இருந்து ராஜகுமாரி வரை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தோற்றம் வேண்டுமே! மங்களூருவில் பிறந்த கமலாதேவி சட்டோபாத்யாயின் துணையோடு 1978-ல் கலம்காரிப் பிரிவும் சேர்ந்தது.

அப்போ விமர்சனம் என்ன?

இது அழகியல் கதை மட்டும் இல்லை. சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள் தேவதாசி, இசைவேளாளர் குடும்பத்தினர். சமூகம் அவர்களை இழிவாகப் பார்த்த அதே காலத்தில், பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர் அந்தக் கலையைப் புது உடையில் மேடை ஏற்றினார். மற்ற வசதியான குடும்பங்களுக்கும் கதவு திறந்தது. 1947-ல் மெட்ராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கலையைக் கற்றுக்கொடுத்த பெண்கள் பலர் மேடையில் இருந்து மெல்ல மறைந்தார்கள்.

அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. சிருங்காரத்தைக் குறைப்பது கலையைக் குறைப்பது என்பது அவர் நிலை. அவர் புடவையிலேயே ஆடினார், உலகப் புகழும் பெற்றார். மரியாதை கிடைக்க உடையை மாற்றியே ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு அவர் வாழ்க்கையே ஒரு பதில்.

ருக்மிணி தேவி கலையைக் காப்பாற்றினாரா, கைமாற்றினாரா? ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இரண்டுமே நடந்தது என்பதைத்தான் அந்த ஆண்டுகளின் வரிசை காட்டுகிறது.

மேடைக்கு வெளியே

1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய முயற்சி. 1977-ல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடக் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார்.

அடுத்த அரங்கேற்றத்துக்குப் போகும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். விசிறி மடிப்பு விரிந்தால் அதில் அடையாறின் கை இருக்கிறது. ஆட்டமும் அடவும் அதற்கு முந்தைய பெண்களும் நட்டுவனார்களும் தந்தது. அழைப்பிதழில் அவர்கள் பெயர் இருக்காது, நீங்களாவது தெரிந்து வைத்திருங்கள்.