வெள்ளுடை வேந்தரின் ஓரணாத் திட்டம்

ஜலகண்டாபுரத்துத் தறிக்குழியில் கால் மிதித்து வளர்ந்தவர்களுக்குச் சர் பிட்டி தியாகராயர் அந்நியரல்லர். நெசவையே வாழ்வாகக் கொண்ட தேவாங்கர் குலத்திலே, 1852இல் பிறந்தவர். சென்னையில் நெசவாலை வைத்து நடத்தியவர். நாடாவைக் கையால் எறிந்துகொண்டிருந்த நாளில், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைப் பரப்ப முனைந்தவர். உடுப்பெல்லாம் வெள்ளை, ஆகவேதான் வெள்ளுடை வேந்தர்!

1916இல் டாக்டர் நாயர், நடேசனார் ஆகியோரோடு சேர்ந்து நீதிக்கட்சி கண்டார். 1920 தேர்தலில் கட்சி வென்றது. கவர்னர் வெலிங்டன் பிரபு முதல் மந்திரி நாற்காலியை நீட்டினார்; வேண்டாம் என்று ஒதுங்கினார். இதை மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறொரு நாற்காலியைப் பற்றி.

சென்னைக் கார்ப்பரேஷனில் ஏறத்தாழ நாற்பதாண்டு உறுப்பினராயிருந்த அவர், 1920இல் அதன் தலைவர். எப்படிப்பட்ட நகரம் அவர் கையில் கிடைத்தது? உலகப்போர் முடிந்த நேரம். அரிசி விலை ஏறி, 1918இல் கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு விஷக்காய்ச்சல் வீடு வீடாகப் பிணம் விழ வைத்தது. கிராமத்தில் பிழைக்க வழியற்றோர் நகரத்துக்கு வந்து குடிசை போட்டனர். மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தது. பசி, நோய், நெரிசல், எழுத்தறியாமை: நாலும் ஒரே வீட்டில் குடியிருந்தன! ஒன்றை மட்டும் விரட்டினால் போகுமா?

ஆயிரம் விளக்குப் பகுதிக் கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகள் வரவில்லை. ஏன்? வாத்தியாரிடம் குறையில்லை, வயிற்றில்தான் குறை. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் மதிய உணவு தருவதென்று கார்ப்பரேஷன் தீர்மானித்தது. ஓரணா! ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அந்த ஓரணாவுக்குள்ளே உணவும் இருந்தது, படிப்பும் இருந்தது, நாளைய தொழிலாளியின் உடம்பும் இருந்தது. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் திட்டம் பரவிற்று.

பிறகு? ஆரம்பக் கல்விக்கான பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்று சர்க்கார் தடை போட்டது. 1925இல் அடுப்பு அணைந்தது. அதே 1925இல் தியாகராயரும் மறைந்தார். கணக்குப் பிள்ளையின் பேனா முனைக்கு எத்தனை வலிமை, பார்த்தீர்களா!

மீண்டும் மாநிலம் தழுவி அடுப்பு மூட்ட 1956இல் காமராசர் வரவேண்டியிருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் மு.க. ஸ்டாலின் ஆட்சி காலையுணவும் சேர்த்தது.

மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரையே இட்டனர். இன்று தியாகராய நகர் என்றால் பலருக்கு நகைக்கடையும் பட்டுப் புடவையும்தான் நினைவு!

நம் ஊருக்கு வருவோம். இன்றைய தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துவிட்டது. 2019-21 கணக்கெடுப்புப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இளைஞன் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான். தறி வீட்டில் கிழவனும் கிழவியும் இருக்கிறார்கள். அன்று பள்ளிக்கு வராத பிள்ளை. இன்று மருத்துவமனைக்குப் போகத் துணையில்லாத முதியவர். பேரூராட்சிக் கணக்கில் சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் வரி உண்டு. இவர்களுக்கென்று எத்தனை காசு எழுதியிருக்கிறது? அடுத்த வரவு செலவுக் கூட்டத்துக்கு முன்னே உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், தோழர்களே. நம் கட்சிக்காரரானால் இரண்டு தடவை கேளுங்கள்.