இரண்டு நிமிட இருளுக்காகக் கடல் கடந்த அன்னி மோண்டர்

சூரிய கிரகணம் நமக்குப் புதிதல்ல. 2019 டிசம்பர் 26 அன்று காலையில் நம் நாட்டின் வடபகுதியில் அது கங்கண கிரகணமாகத் தெரிந்தது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கங்களில் சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைந்தது. கிரகணம் என்றால் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு நிற்பார்கள். தோட்டத்து லயங்களில் உலக்கையை நிமிர்த்தி வைத்துப் பார்ப்பார்கள். கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டார்கள். ஆனால் பூரண சூரிய கிரகணம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பூமியில் ஏதாவது ஓரிடத்தை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஏறக்குறைய 375 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அங்கு அது தென்படும். காண விரும்புகிறவர் நிழல் விழும் இடத்தைத் தேடிப் போகத்தான் வேண்டும். அப்படி ஐந்து முறை வெளிநாடு சென்றவர் வானியலாளர் அன்னி மோண்டர்.

அன்னி ஸ்கொட் டில் ரசல் 1868 ஏப்ரல் 14 அன்று அயர்லாந்தின் ஸ்ட்ரபேன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்தவ மதகுரு. கல்வியில் சிறந்து விளங்கிய அன்னி, கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென இருந்த கிர்ட்டன் கல்லூரிக்குப் புலமைப்பரிசில் பெற்றுச் சென்றார். 1889இல் பல்கலைக்கழகத்தின் கணிதச் சிறப்புத் தேர்வில் இரண்டாம் வகுப்பில் சித்தியடைந்தார். அந்த ஆண்டு கிர்ட்டன் மாணவியருள் கணிதத்தில் முதலிடம் அவருக்கே. ஆனால் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. பெண்கள் தேர்வு எழுதலாம், சித்தியடையலாம். பட்டம் பெற முடியாது என்பதே அன்றைய கேம்பிரிட்ஜின் விதி.

சிறிது காலம் ஜெர்சி தீவில் பெண்கள் பாடசாலையொன்றில் கற்பித்தார். அங்கே ஆண்டுக்கு 80 பவுண் சம்பளம். ஆயினும் அவருடைய மனம் வானியலில்தான் இருந்தது. 1891இல் கிரீனிச் அரச வானாய்வகத்தில் கணிப்பாளராகச் சேர்ந்தார். அங்கே மாதம் 4 பவுண் மட்டுமே. ஐந்தில் இரண்டு பங்கு சம்பளத்தை இழந்துதான் அந்த வேலையை ஏற்றார். வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் படம் பிடிப்பதும், சூரியப் புள்ளிகளின் இடத்தையும் அளவையும் கணிப்பதும் அவருடைய பணி. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் வோல்டர் மோண்டர். மனைவியை இழந்து ஐந்து பிள்ளைகளுடன் இருந்த அவரை, 1895 டிசம்பரில் அன்னி மணந்தார். மணமான பெண் அரச பணியில் இருக்கக்கூடாது என்பது அக்கால விதி. அதனால் நான்கு ஆண்டுகள் கற்றுத் தேர்ந்த வேலையை விட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

வானாய்வகத்தின் பெரிய தொலைகாட்டிகள் அவருக்கு இனி இல்லை. ஆனால் கிரகணத்துக்கு வாயில் கதவும் இல்லை, வேலை விதியும் இல்லை. நிழல் விழும் இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தவர் எவரும் அதைப் படம் பிடிக்கலாம். பிரித்தானிய வானியல் சங்கம் 1890இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்தே பெண்களையும் உறுப்பினராக ஏற்று வந்தது. அந்தச் சங்கத்தின் கிரகணப் பயணங்களில் அன்னியும் கணவரும் சேர்ந்துகொண்டனர்.

முதல் பயணம் 1896 ஆகஸ்டில் நோர்வேயின் வட கோடியிலுள்ள வாட்சோவுக்கு. பல நாள் கடற்பயணம் செய்து, கருவிகளைப் பொருத்திக் காத்திருந்தார்கள். கிரகண நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. மழையும் மூடுபனியும் நிறைந்த சப்ரகமுவ மலைகளில் வாழும் நமக்கு அந்த ஏமாற்றத்தை விளக்கத் தேவையில்லை.

அன்னி துவண்டுவிடவில்லை. கிர்ட்டன் கல்லூரி வழங்கிய ஆய்வு உதவித்தொகையைக் கொண்டு ஒரு கமராவை அமைத்துக்கொண்டார். அதன் வில்லையின் விட்டம் ஒன்றரை அங்குலம்; குவியத் தூரம் 9 அங்குலம். பெரிய கருவிகளின் பக்கத்தில் அது விளையாட்டுப் பொருளைப் போலத் தோன்றியிருக்கும். ஆனால் அதன் பின்னே தெளிவான ஒரு கணிப்பு இருந்தது. பூரண கிரகணத்தின்போது கருத்த சந்திரனைச் சுற்றி வெண்ணிறத்தில் தெரிவது சூரியனின் ஒளிவட்டம். சூரியனுக்கு அருகில் அது மிகப் பிரகாசமானது. விலக விலக மிகவும் மங்கிவிடும். நீண்ட குழாய்கொண்ட தொலைகாட்டிகள் உட்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும். தூரத்து மங்கிய ஒளிக்கதிர்களை அவை பிடிப்பதில்லை. குறைந்த குவியத் தூரமுள்ள சிறிய வில்லையோ வானத்தின் பரந்த பரப்பை ஒரே தட்டில் அடக்கும். மங்கிய ஒளியையும் விரைவில் பதியச் செய்யும்.

அந்தக் கணிப்பைச் சோதிக்கும் வாய்ப்பு இந்தியாவில் கிடைத்தது. 1898 ஜனவரி 22 அன்று இந்தியாவின் குறுக்கே பூரண கிரகணத்தின் நிழல் செல்லவிருந்தது. பம்பாயில் பிளேக் நோய் பரவியிருந்த காலம் அது. மோண்டர் தம்பதியர் கப்பலில் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள தால்னி என்ற சிற்றூருக்குச் சென்று முகாமிட்டனர். வானம் தெளிவாக இருந்தது. முழு இருள் நீடித்தது ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள்தான். அதற்குள் கண்ணாடித் தட்டுகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் ஒளியைக் காட்டி மூட வேண்டும். கை நடுங்கினால் ஆயிரக்கணக்கான மைல் பயணம் வீணாகிவிடும்.

தட்டுகளைக் கழுவிப் பார்த்தபோது, சூரியனிலிருந்து புறப்பட்ட ஒரு நீண்ட கதிர் அவற்றில் பதிந்திருந்தது. அதன் நீளம் சூரியனின் ஆரையைப் போல ஏறக்குறைய 14 மடங்கு. அதாவது ஒரு கோடி கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதுவரை எவரும் படம் பிடித்திராத நீளம் அது. சூரியனிலிருந்து துகள்கள் இடைவிடாது வெளியே பாய்ந்துகொண்டிருக்கின்றன என்பதை இன்று அறிவோம். அந்த அறிவு உறுதிப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, சிறிய கமராவொன்றுடன் ஒரு பெண் அந்தக் கதிர்களைப் படத்தில் பிடித்துவிட்டார்.

தால்னி முகாமில் ஜோன் எவர்ஷெட் என்பவரும் இருந்தார். பின்னாளில் தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்து, சூரியப் புள்ளிகளில் வாயு அசையும் விதத்தை 1909இல் கண்டறிந்தவர் அவரே.

அதன்பின் 1900இல் அல்ஜியர்ஸ், 1901இல் மொரீசியஸ், 1905இல் கனடாவின் லப்ரடோர் எனப் பயணங்கள் தொடர்ந்தன. நம் முன்னோர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்ததுபோலவே, இந்தியாவிலிருந்து பலர் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தீவு மொரீசியஸ். லப்ரடோரில் மீண்டும் மேகம் ஏமாற்றியது. ஐந்து பயணங்களில் இரண்டு மேகத்தோடு போயின.

வீட்டிலும் அவருடைய ஆய்வு நின்றுவிடவில்லை. பல ஆண்டுகளின் சூரியப் புள்ளிகளை ஒரே வரைபடத்தில் குறித்தபோது, அது வரிசையாகச் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகளைப் போல அமைந்தது. சூரியனை ஆராய்வோர் இன்றும் பயன்படுத்தும் அந்த வரைபடத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே உருவாக்கினர். ஆனால் 1904இல் வெளிவந்த கட்டுரையில் கணவரின் பெயரே இருந்தது. 1908இல் வெளிவந்த அவர்களுடைய வானியல் நூலில், பெரும்பகுதி அன்னியின் உழைப்பே என்று கணவர் முன்னுரையில் வெளிப்படையாகப் பதிவு செய்தார்.

அரச வானியல் கழகம் 1892இல் அன்னியை உறுப்பினராக ஏற்க மறுத்தது. பெண்களுக்கு அதன் கதவு திறந்த 1916இல்தான் அவர் தெரிவானார்; இடையில் கழிந்தவை 24 ஆண்டுகள். முதலாம் உலகப் போரின்போது, மணமானதால் தம்மை வெளியேற்றிய அதே கிரீனிச் வானாய்வகத்துக்கு அவர் தொண்டராகத் திரும்பிச் சென்று பணியாற்றினார்.

1928இல் கணவர் மறைந்தார். அன்னி 1947 செப்டம்பர் 15 அன்று காலமானார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல். ஓராண்டு வித்தியாசத்தில், வாழ்நாள் முழுவதும் பட்டமில்லாமலே அவர் போய்ச் சேர்ந்தார். இன்று அரச வானியல் கழகம் அவர் பெயரில் ஒரு பதக்கம் வழங்குகிறது. கிரீனிச்சில் 2018இல் நிறுவப்பட்ட தொலைகாட்டிக்கும் அவருடைய பெயரே.

சகோதரிகளே, 2027 ஆகஸ்ட் 2 அன்று பூரண கிரகணத்தின் நிழல் எகிப்தைக் கடந்து ஜித்தா, புனித மக்கா நகரங்கள்மீது செல்லும். நம் நாட்டில் பிற்பகலில் பகுதிக் கிரகணமாக அது தெரியும். வெறுங்கண்ணால் பாராமல், உரிய பாதுகாப்புக் கண்ணாடியுடன் பாருங்கள். மழை மேகம் மறைத்தால், வாட்சோவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்னி, பதினேழு மாதங்களுக்குப் பின் தால்னியில் கமராவுடன் நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் படிக்கும் பிள்ளைக்கு இன்று பட்டத்தைத் தடுக்கும் விதி இல்லை. திருமணத்தோடு வேலையைப் பறிக்கும் சட்டமும் இல்லை. அன்னிக்குக் கிடைக்காத இந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன.