நாடகத் தமிழாசான் சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் என மூன்றாய் வகுக்கப்பெற்ற தமிழில், முன்னைய இரண்டுக்கும் நூல்கள் பல உள. நாடகத்துக்கோ ஏட்டில் நின்றவை சில. மேடையில் தோன்றி அன்றிரவே மறைந்தவை பல. அவ்வாறு மறைந்துபோகும் கலையைப் பிடித்து நிறுத்தி, கற்கவும் கற்பிக்கவும் தக்க கல்வியாக்கியவருள் முதன்மையானவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகப் பயிலப்பெறும் இக்காலத்தில், நம் மாணவர் அறிந்திருக்கவேண்டிய வரலாறு அவருடையது.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே தோன்றினார். சங்கரன் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் தாமோதரனார் இராமகாதையில் துறைபோய புலவர். முதல் ஆசிரியரும் அவரே. பின்னர் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடுத்து இலக்கண இலக்கியங்களை முறையாகப் பயின்றார். வெண்பாவும் கலித்துறையும் இளமையிலேயே அவர் நாவில் எளிதாக வந்தன. சில காலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கராக இருந்தார். கணக்கேட்டில் அவர் உள்ளம் நிற்கவில்லை. இருபத்துநான்காம் வயதில், 1891 அளவில், அத்தொழிலைத் துறந்து நாடகக் குழுவிற் புகுந்தார்.

இரணியன், இராவணன், யமன், சனீசுவரன் முதலிய கடுமையான வேடங்கள் அவருக்கு வாய்த்தன. உயர்ந்த உருவமும் கம்பீரமான குரலும் அவ்வேடங்களுக்கு உயிரளித்தன. சனீசுவரன் கோலத்தோடு விடியற்காலையில் வேடம் கலைக்கச் சென்ற அவரைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி மாண்டாள் என்றும், யமனாக மேடையில் வந்தபோது அவையிலிருந்த மற்றொருத்தியின் கரு கலைந்தது என்றும் அவர் வரலாறு உரைப்போர் கூறுவர். தம் கலை பிறர்க்குத் துன்பமாதலைக் கண்டு மனம் நொந்து, அவர் வேடம் புனைவதையே விட்டார் என்பர். அன்றுமுதல் பிறரை நடிகராக்கும் பணியே அவர் பணியாயிற்று. புதுக்கோட்டையிலே கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளையிடம் தாளநுட்பங்களைக் கற்றார். அப்பெரியார் அவரைத் தம் மகனாகவே கொண்டு போற்றினார். தலயாத்திரை சென்று மீண்டபின் துறவுக்கோலம் பூண்டு, சுவாமிகள் எனப்பட்டார்.

அக்கால நாடகத்தின் நிலையைச் சிறிது நோக்குவோம். பாட்டுக்களே நாடகத்தின் உடலாயிருந்தன. இடையில் வரும் வசனத்தை நடிகர் அவரவர் மனம்போனபடி பேசினர். புலமையுடையார் பேசியபோது அது சுவைத்தது. ஏனையோர் பேசியபோது கதை திசைமாறியது, நாகரிகம் குன்றியது. இக்குறையைத் தீர்க்கச் சுவாமிகள் பாட்டும் வசனமும் அமைந்த நாடகங்களை எழுதினார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, சுலோசனா சதி, நல்லதங்காள், பிரகலாதன், அபிமன்யு சுந்தரி என்பன அவற்றுட் சில. நீதிநூற் கருத்துக்கள் அவர் பாடல்களில் எளிய இசையோடு கலந்து, எழுத்தறியாதார் செவிகளையும் எட்டின.

வளர்ந்த நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அமையாமை கண்ட அவர் சிறுவரை நாடினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையையும் நடத்தினார். பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி. க. சண்முகமும் அவர் சகோதரரும் இப்பாலசபையில் சேர்ந்து பயின்றவரே. அங்கே பயிற்சி குருகுல முறையிலானது. பாட்டும் பாடமும் முதலில் நெஞ்சிற் பதியவேண்டும். உச்சரிப்பும் தாளமும் பிழையற அமையவேண்டும். நடிப்பு அதன்பின் வரும். சிறுவர் நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஓர் இரவில் சுவாமிகள் எழுதிமுடித்தார் என்பது, அவரிடம் பயின்றோர் வியந்து போற்றிய செய்தி.

இங்கே ஒரு வினா எழும். கட்டற்ற பேச்சை வரம்புக்குட்படுத்த முயன்றவர், நடிகனின் சுதந்திரத்தை அழித்தாரா? அவர் நாடகங்களின் பிற்கால வரலாறு இதற்கு விடை தருகின்றது. ஸ்பெஷல் நாடகம் என்ற முறை அவர் நாடகங்களைப் பற்றிக்கொண்டே தழைத்தது. வெவ்வேறூர் நடிகர் தனித்தனியே அமர்த்தப்பெற்று, அன்று மாலைதான் ஒருவரையொருவர் காண்பர். ஒத்திகை இல்லை; நெறியாளரும் இல்லை. நாரதரும் வள்ளியும் மேடையிலே எதிர்ப்பட்டுத் தர்க்கம் தொடங்குவர். ஒருவர் தொடுக்கும் வினாவுக்கு மற்றவர் நின்ற நிலையிலேயே விடை கண்டாகவேண்டும். தடுமாறினால் அவை நகைக்கும். சுவாமிகளின் பாடல்கள் இருவருக்கும் மனப்பாடமாயிருந்தமையால் அத்துணை விளையாட்டும் இயன்றது. கரை உறுதியாயிருந்தமையால் வெள்ளம் ஊரை அழிக்காது வயலை வளர்த்தது.

யாழ்ப்பாணத்தவர் இம்மரபை நன்கறிவர். நாட்டுக்கூத்தினின்றும் பிரித்துணர, டிறாமா என்றும் கொட்டகைக் கூத்து என்றும் நம் முன்னோர் வழங்கியது இவ்விசை நாடகத்தையே. கோயில் திருவிழாக்களில் விடியவிடிய வள்ளியும் சத்தியவானும் அரிச்சந்திரனும் நடந்தன. காங்கேசன்துறையிலே வசந்தகான சபாவைக் கொண்டு நடத்திய நடிகமணி வி. வி. வைரமுத்து, 1989இல் மறையும்வரை, மயான காண்டத்தால் ஊரூராய் மக்களைக் கண்ணீர் சிந்தவைத்தார்.

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கியபின், அரங்க விளையாட்டுக்களும் களப்பயிற்சிகளும் நம்மிடையே பரவின. இருவரை எதிரெதிர் நிறுத்தி, ஒருவரின் அசைவை மற்றவர் கண்ணாடிபோற் காட்டச் செய்வர். விற்பவன், வாங்குபவன் என ஒரு நிலைமையை மட்டும் கொடுத்து, எழுதாத உரையைப் பேசவைப்பர். கூச்சம் நீங்கவும், எதிரே நிற்பவரை உற்றுக் கேட்கவும் இவை பெரிதும் உதவுவன. மேல்நாட்டு ஆசிரியரிடமிருந்து வந்த இப்பயிற்சிகளோடு, நம் தர்க்கத்தையும் ஒரு விளையாட்டாகச் சேர்த்தல் தகும். இரு மாணவர் நாரதரும் வள்ளியுமாக நிற்க. முதலில் மூலப்பாடலைப் பாடுக. பின்னர் தினைப்புனக் காவலைப் பற்றி ஒருவர் வினவ, மற்றவர் அதே சந்தத்தில் விடையிறுக்க முயல்க. அவ்விளையாட்டில் தமிழும் வளரும், நடிப்பும் வளரும். சொற்களஞ்சியம் வெறுமையான நெஞ்சிலிருந்து உடனுரை பிறப்பதில்லை என்பதும் அப்போது விளங்கும்.

சுவாமிகளின் இறுதிக்காலம் துயரமானது. பாரிசவாதம் அவர் கைகால்களையும் நாவையும் முடக்கிற்று. ஓரிரவில் நாடகம் யாத்த கை எழுதவில்லை. எண்ணற்ற சிறுவர்க்குச் சொல் தந்த நா பேசவில்லை. அந்நிலையிலும் அவர் பயிற்றிய பிள்ளைகள் அவர் சொற்களை மேடைதோறும் பேசிக்கொண்டிருந்தனர். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் அவர் இறைவனடி சேர்ந்தார். கருவடிக்குப்பத்திலுள்ள அவர் சமாதியில் நாடகக் கலைஞர் கூடி ஆண்டுதோறும் வணக்கஞ் செலுத்துவர்.

இல்லறம் மேற்கொள்ளாத அப்பெரியாருக்கு மேடையேறிய மாணவரே மக்களாயினர். நம் நாட்டு அரங்கிலும் அவ்வழித்தோன்றல்கள் உளர். அவர்கள் மரபு அறுந்துபோகாமற் காத்தல் நாடகம் பயிலும் இளைஞர் கடனாகும்.