மெடிக்கல் ஷாப்பில் திடீர் சோதனை... இந்தச் சட்டத்துக்கு வித்திட்ட கர்னல் சோப்ரா யார்?

மரக்காணம் ஈசிஆர் ஓரத்து சின்ன மெடிக்கல் ஷாப்பாக இருக்கட்டும், சென்னையில் ஏசி போட்ட பெரிய கடையாக இருக்கட்டும், மருந்து ஆய்வாளர் முன்கூட்டியே சொல்லாமல் வந்து பில், ஸ்டாக், ஃபிரிட்ஜ் என எல்லாத்தையும் செக் பண்ணலாம். இந்த அதிகாரத்தைத் தந்தது 1940-ம் ஆண்டின் மருந்துச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் கர்னல் ராம் நாத் சோப்ரா.

1882-ல், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் பிறந்தவர். லாகூரில் படிப்பு, பிறகு கேம்பிரிட்ஜில் மருத்துவம். 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தார். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். நம்ம ஊர் மூலிகைகளை லேபில் வைத்து சோதித்துப் பார்த்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1933-லேயே அவரது குழு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது.

உப்புக்கு காவல், மருந்துக்கு இல்லை

அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு இருந்த முக்கிய மருந்து குயினைன். அதிலேயே கலப்படம். வெளிநாட்டில் இருந்து தரம் குறைந்த சரக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. யாரும் கேட்கவில்லை, கேட்க சட்டமும் இல்லை. 1930-ல் உப்பு அள்ளியதற்காக ஆயிரக்கணக்கானோரை ஜெயிலில் போட்டது பிரிட்டிஷ் அரசு. கடற்கரை உப்பளங்களைக் கண்காணிக்க தனித் துறையே வைத்திருந்த அதே அரசிடம், மாத்திரையைப் பரிசோதிக்க நாடு முழுவதற்குமான ஒரு ஏற்பாடு கிடையாது!

அதே 1930 ஆகஸ்டில்தான் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பல மாகாணங்களில் சாட்சியம் கேட்டு, 1931-ல் அறிக்கை தந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும், சோதனைக்கூடங்கள் வேண்டும், மருந்து கலந்து கொடுப்பவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்பதுதான் சாரம்.

அரசு உடனே அசையவில்லை. 1937-ல் இறக்குமதி மருந்துக்கு மட்டும் ஒரு மசோதா வந்தது. அது போதாது என்று எதிர்ப்பு கிளம்ப, 1940-ல்தான் முழுச் சட்டம் நிறைவேறியது. 1945-ல் விதிகள், 1948-ல் ஃபார்மசி சட்டம். அதாவது, அறிக்கையில் சொன்னது எல்லாம் நடக்க 17 வருஷம் ஆனது.

கடைக்குள் இப்போது என்ன நடக்கும்?

விதிப்படி, ஒவ்வொரு மருந்துக் கடையையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆய்வாளர் பார்க்க வேண்டும். கண்ட குறைகளை எழுத படிவம் 35 என்ற ஆய்வுப் புத்தகம் கடையிலேயே இருக்க வேண்டும். ஃபார்மசிஸ்ட் இருக்கிறாரா, இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, எச்1 பட்டியல் மருந்துகளின் பதிவேடு 3 வருஷத்துக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உப்பளப் பகுதி மாதிரி வெயில் கொளுத்தும் ஊரில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால், எக்ஸ்பைரி தேதிக்கு முன்பே இன்சுலின் கெட்டுப்போகும் என்பதை மறக்கக் கூடாது.

மருந்தில் சந்தேகம் வந்தால் மாதிரி எடுப்பார்கள். சும்மா எடுத்துப் போக முடியாது. நியாய விலை தர முன்வர வேண்டும், படிவம் 17-ல் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மாதிரியைப் பொதுவாக நான்காகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். அதில் ஒரு பங்கு கடைக்காரருக்கே போகும். சந்தேக சரக்கை விற்காமல் நிறுத்தி வைக்க 20 நாள் வரை உத்தரவிடலாம். இந்த நடைமுறையில் ஓட்டை விழுந்தால், கெட்ட மருந்து விற்றவர்கூட கோர்ட்டில் தப்பிக்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் பிரிவு 26. வாங்கிய மருந்து மீது சந்தேகம் என்றால், கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதிக்க பொதுமக்களுக்கே உரிமை உண்டு.

1941-ல் சர் பட்டம் பெற்ற சோப்ரா, பிறகு காஷ்மீரில் மருந்து ஆய்வுக்கூடம் நடத்தினார். சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவம் குறித்த அரசுக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1973-ல் காலமானார். 1937-ல் கல்கத்தாவில் அவர் தலைமையில் தொடங்கிய சோதனைக்கூடம்தான் இன்றைய மத்திய மருந்து ஆய்வகம். மாநில லேப் அறிக்கையை கடைக்காரர் 28 நாளுக்குள் மறுத்தால், கோர்ட் உத்தரவின் பேரில் மாதிரி கடைசியாகப் போய்ச் சேர்வது அங்கேதான்.